மிஷின் நல்ல மிஷின்

சிங்கப்பூரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நாகூரில் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மணிக்கட்டைப் பார்த்தால் போதும். நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். எம்.வி. சிதம்பரம் கப்பல் சிங்கப்பூருக்கும் சென்னைக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. அதுவரை கப்பல் வந்த வாரமெல்லாம் எங்கள் தெருக்களுக்குத் தனி வாசனைதான். சென்ட், கோடாலித் தைலம், பெட்டிக்குள் மடித்து வந்த புதுத்துணி. வந்த ஆண்கள் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி விட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். செயினைத் தளர விட்டிருப்பதால் வாட்ச் உள்ளங்கை வரை இறங்கும். பேச்சுக்கு நடுவே கையை ஒரு உதறு உதறி மேலே ஏற்றுவார்கள். நேரம் பார்ப்பதற்கல்ல அந்த உதறல். ‘இது ஆட்டோமேட்டிக், சாவி கொடுக்கத் தேவையில்லை’ என்று எதிரே இருப்பவருக்குச் சொல்வதற்கு.

அநேகமாக அது சீக்கோ ஃபைவாக இருக்கும். கிழமையும் தேதியும் ஒரே கட்டத்துக்குள் வரும். திருகு மற்ற வாட்சுகளைப் போல மூன்று மணிக்கு நேராக இல்லாமல் நான்கு மணிக்கு நேராக, பாதி உடம்புக்குள் புதைந்திருக்கும். வளைகுடாவிலிருந்து வந்ததென்றால் கிழமை அரபியிலும் வரும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த வாட்சில் கிழமை அரபியில் நின்றுவிட்டது. அதை மாற்றத் தெரியாமல் ஒரு விடுமுறை முழுக்க அவர் கிழமையை மாமியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இத்தனை வாட்சுகளுக்கும் வைத்தியர் ஒருவர் இருந்தார். தர்காவின் அலங்கார வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே செருகி வைத்தாற்போல் ஒரு பெட்டிக்கடை. ஒரு மேசை, மேசைமேல் கண்ணாடிக் கூண்டு, அதற்குப் பின்னால் பாய். ஊரெல்லாம் ‘வாட்ச் பாய்’. வலது கண்ணில் எப்போதும் கறுப்பு லென்ஸ் மாட்டியிருப்பார். அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆளைப் பார்த்தாரென்றால் வேலையை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். அது அபூர்வம். பெரும்பாலும் ஒரு கண்ணால் வாட்சையும் மறு கண்ணால் வாடிக்கையாளரையும் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்.

என்னை அங்கே கொண்டு சேர்த்தது தாத்தாவின் வாட்ச். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர் தாத்தா. வெஸ்ட் எண்ட் கம்பெனியின் சோவார் பிரைமா, தோல் வார் போட்டது, அவர் கையில் இருந்தது. அதை ராத்திரி கழற்றி ரேடியோ பெட்டியின் தலையில் வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் இலங்கை வானொலிக்காரர்கள் நேரம் சொல்லும்போது எடுத்துச் சரிபார்ப்பார். கடலோரம் என்பதால் இலங்கை வானொலி எங்களுக்கு அடுத்த தெருவிலிருந்து பேசுவது போலக் கேட்கும். ஒரு கோடையில் தாத்தாவின் வாட்ச் முன்னால் ஓடத் தொடங்கியது. முதலில் ஐந்து நிமிஷம், பிறகு இருபது. தாத்தா வாட்சைச் சந்தேகிக்கவில்லை. “சிலோன்காரன் சோம்பேறியாயிட்டான், லேட்டா சொல்றான்” என்றார். டில்லியிலிருந்து வரும் ஏழே கால் மணித் தமிழ்ச் செய்தியும் லேட்டாக வந்த பிறகுதான் என்னைக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் புறப்பட்டார்.

பாய் வாட்சைத் திறக்கவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து சின்னக் காம்பஸ் ஒன்றை எடுத்தார். வெளியூர் போனால் தொழுகைக்குக் கிப்லா திசை பார்க்க வைத்திருந்தது. அதன் பக்கத்தில் தாத்தாவின் வாட்சைக் கொண்டுபோனதும் முள் துள்ளித் துள்ளித் திரும்பியது. வாட்சை நகர்த்தினார், முள் பின்தொடர்ந்தது. தொழுகைத் திசையை என் தாத்தாவின் வாட்ச் மாற்றிவிட்டதைக் கண்டு எனக்குத் திகில். பாய் கேட்டது ஒரே கேள்வி: “ராத்திரி எங்க வெக்கிறீங்க?”

ரேடியோ ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருக்கிறது. அதன் தலையில் தினம் படுத்து எழுந்த வாட்சும் காந்தமாகிவிட்டது. உள்ளே முடி போன்ற ஸ்பிரிங் ஒன்று சுருள் சுருளாக இருக்கும், ஹேர் ஸ்பிரிங். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்துவிடும். அப்புறம் பேலன்ஸ் சக்கரம் அவசர அவசரமாக ஆடும், வாட்ச் முன்னால் ஓடும். பாய் மரக்கட்டையில் செப்புக்கம்பி சுற்றிய ஒரு சாமானைக் கரண்டில் மாட்டினார். வாட்சை அதன் துளைக்குள் விட்டு, சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே மெதுவாக, மிக மெதுவாக, கை நீளும் தூரம் வரை வெளியே இழுத்தார். மறுபடி காம்பஸ். முள் அசையவில்லை. காசு வேண்டாம் என்றுவிட்டார். தாத்தா அன்று மாலை இலங்கை வானொலியை மன்னித்தார்.

அதன் பிறகு பள்ளி விட்டால் எனக்குக் கால் அந்தப் பக்கம்தான் போகும். மேசை ஓரத்தில் ஒரு முக்காலி. கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், இருமக் கூடாது, ஃபேன் கேட்கக் கூடாது. நிபந்தனைகள் அவ்வளவே.

சர்வீஸ் என்பது எப்படி நடக்கும் என்பதை நான் பார்த்த வரிசையில் இப்போதும் சொல்வேன். பின்மூடியைத் திறந்ததும் முதலில் ஸ்பிரிங்கில் இருக்கும் முறுக்கை இறக்கிவிட வேண்டும். சாவி கொடுத்த வேகம் உள்ளே இருக்கும்போது சக்கரங்களைப் பிடித்திருக்கும் பாலத்தைக் கழற்றினால் அவை விர்ரென்று சுற்றிப் பல் போய்விடும். பிறகு பேலன்ஸ். அதைச் சாமணத்தால் தூக்கும்போது பாலத்தோடு ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு வரும். அந்த நேரம் மட்டும் பாய் பேச்சை நிறுத்துவார். அந்தச் சக்கரத்தின் அச்சுமுனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதைக் காப்பாற்றத்தான் அதைத் தாங்கும் கல்லையே சின்ன ஸ்பிரிங்கின்மேல் மிதக்க வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்தால் கல் நகர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். சுவிஸ்காரர்களுக்கு இன்காப்ளாக், சீக்கோவுக்கு டயாஷாக், சிட்டிசனுக்கும் நம்ம ஹெச்.எம்.டி.க்கும் பாராஷாக். டயலில் பொடி எழுத்தில் இருப்பதை நாங்கள் வாசித்துவிட்டு ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சக்கரங்கள், பாலங்கள், திருகாணிகள் எல்லாம் கண்ணாடிக் கிண்ணத்துப் பெட்ரோலில் குளிக்கும். மெல்லிய பிரஷ்ஷால் பல் பல்லாகத் துலக்குவார். கல் துளைகளுக்குள் கூராகச் சீவிய குச்சியை விட்டுத் திருகி எடுப்பார். நுனி அழுக்காக வந்தால் மறுபடி சீவுவார், சுத்தமாக வரும்வரை சீவுவார். எண்ணெய் விடுவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். ஊசி நுனியில் நிற்பது சொட்டு என்று சொல்லவே முடியாத ஒன்று. அதை ஒவ்வொரு கல்லிலும் தொட்டு எடுப்பார். அதிகமானால் ஓடிப்போய்த் தூசியைக் கட்டும், ஹேர் ஸ்பிரிங்கில் பட்டால் சுருள்கள் ஒட்டி வாட்ச் பறக்கும். “மெக்கானிக் கெட்டிக்காரனான்னு பார்க்கணும்னா அவன் எங்க எண்ணெய் விடலைன்னு பாரு தம்பி” என்பார்.

இந்தக் கல் விஷயத்தில் பாய்க்கு ஒரு தீராத எரிச்சல் இருந்தது. பதினேழு கல் என்று டயலிலேயே எழுதியிருப்பதால் உள்ளே நவரத்தினம் இருக்கிறதென்று பாதி ஊர் நம்பியது. வாட்சை ரிப்பேருக்குக் கொடுத்தால் மெக்கானிக் கல்லை உருவிவிடுவான் என்பது ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. சிலர் கடை வாசலிலேயே நின்று வேலை முடியும்வரை கண் கொட்டாமல் பார்ப்பார்கள். அந்தச் சிவப்புக் கல் தொழிற்சாலையில் உருக்கி எடுத்த செயற்கை மாணிக்கம். பிரான்சில் வெர்னாய் என்பவர் 1902இல் அந்த முறையை வெளியிட்ட பிறகு அது மலிவுச் சாமான். ஒரு கல்லை விற்றால் டீ குடிக்கக்கூடக் காணாது. பாய்க்கு வெர்னாயெல்லாம் தெரிந்திருக்காது, டீக் கணக்கு தெரியும். அந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்திருந்தது. “எடுத்துக்கறேன்னு வெச்சுக்கங்க, எடுத்தா இது ஓடாதேங்கனி!”

கடல் காற்று அவருக்குச் சோறு போட்டது என்றும் சொல்லலாம். திருகின் தண்டுதான் முதலில் துருப்பிடிக்கும். 77 நவம்பர் புயலில் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன பிறகு, துண்டிலும் டிபன் பாக்ஸிலும் வைத்து வாட்சுகளைக் கொண்டுவந்தார்களாம். வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தவை அத்தனையும் போயின. மண்ணெண்ணெயில் போட்டுக் கொண்டுவந்த ஒரு சிலருடையது பிழைத்தது. இதைப் பாய் ஒரு மருத்துவ உண்மையைப் போலச் சொல்வார்: உப்புத்தண்ணி பட்டால் நல்ல தண்ணியில் அலசு, மண்ணெண்ணெயில் போடு, தூக்கிக்கொண்டு ஓடி வா.

அப்பாவிடம் இருந்தது ஹெச்.எம்.டி. ஜனதா. பெங்களூரில் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு தொழிற்சாலை வைத்து, 1961இல் முதல் வாட்சுகளை நேரு வெளியிட்ட கதை பாடப்புத்தகத்தில் வராவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிங்கப்பூர் வாட்சுகளுக்கு முன்னால் ஜனதா ஒரு ரேஷன் அரிசி. எனக்கு அப்பாவின் கையைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். பாய் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, நான் ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்த வாட்சுகளைப் பெயர் சொன்னார். ஜனதா மணிக்கு 18,000 தட்டு, நொடிக்கு ஐந்து. சீக்கோ 21,600, நொடிக்கு ஆறு. அந்த ஒரு தட்டு வித்தியாசம் அவர் காதுக்குப் போதும். அப்பாவின் வாட்சை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேட்டுவிட்டு, “மிஷின் நல்ல மிஷின்” என்றார். அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு அதுதான். டயலில் என்ன பேர் இருக்கிறதென்று அவர் பார்த்தே நான் பார்த்ததில்லை.

பேரைப் பார்ப்பதில் பிரயோசனமும் இல்லை. கப்பலில் வந்தவற்றில் கணிசமானவை டூப்ளிகேட். சென்னை பர்மா பஜாரிலிருந்து வேறு வந்து கலக்கும். சீக்கோவின் முதுகில் இருக்கும் நம்பரை வைத்துப் பாய் பிடிப்பார். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். எட்டில் தொடங்கினால் 78, ஏழில் தொடங்கினால் 77. டூப்ளிகேட்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, எல்லா வாட்சுக்கும் ஒரே நம்பரை அடித்துவிடுவார்கள். ஒரே கப்பலில் வந்த இரண்டு பேர் ஒரே நம்பர் வாட்சை ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொடுத்ததைப் பாய் எனக்கு மட்டும் காட்டினார். உடையவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை.

ராடோவுக்கு வேறு அடையாளம். டயலின் உச்சியில் குட்டி நங்கூரம் ஒன்று இருக்கும். ஒரிஜினல் ஆட்டோமேட்டிக்கில் அது ஒட்டியிருக்காது, வாட்சைச் சாய்த்தால் தன் பாட்டுக்கு ஊசலாடும். டூப்ளிகேட்டில் அசையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கல்யாண வீடுகளில் பெரியவர்களின் மணிக்கட்டை உற்றுப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த நங்கூரம் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குள்ளேயே வந்து விழுந்தது. எங்கள் தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார். மற்றதெல்லாம் பேசி முடிந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா கடைசியில் எழுந்து நின்று, “ஒரு ஃபாரின் வாட்ச்” என்றார். கடைக்காரர் கப்பலில் வந்த ஒருவரிடம் ராடோ என்று நம்பி வாங்கினார். என்ன விலை கொடுத்தார் என்று தெரியாது. பாய் கடையில் அதைத் திறந்து பார்த்தபோது அவர் சட்டென்று படியில் உட்கார்ந்ததை வைத்துத்தான் அது பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். நங்கூரம் அசையவில்லை. உள்ளே ஒரு கல்கூட இல்லை. கல் இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு ஊசிகள். அதுவும் அரைமணிக்கு ஒருமுறை நின்றது. விற்றவர் திரும்பக் கப்பலேறிவிட்டார்.

ஊசி மிஷினைப் பாய் கேவலமாகப் பேசியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு படித்தபோதுதான் அந்த மிஷினுக்கும் ஒரு மரியாதையான பூர்வீகம் உண்டென்று தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் ராஸ்கோப் என்பவர், கூலித் தொழிலாளியும் வாங்கிக் கட்டட்டும் என்று 1867இல் இருபது பிராங்க் விலையில் கொண்டுவந்த வாட்சில் கல்லுக்குப் பதில் ஊசி வைத்திருந்தார். அவர் அதை ஒளிக்கவில்லை. மலிவு வாட்ச் என்று சொல்லியே விற்றார். நூறு வருஷம் கழித்து அதே வித்தையை வேறொருவர் பெயருக்கு அடியில் ஒளித்து வைத்து விற்றவர்களோடு அவரைச் சேர்க்கக் கூடாது.

பாய் இரண்டு நாள் அந்த வாட்சைக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தார். மூன்றாம் நாள் இழுப்பறையிலிருந்து செத்துப்போன ஒரு ஹெச்.எம்.டி.யை எடுத்தார். உடம்பு நசுங்கியிருந்தது, மிஷின் பிழைத்திருந்தது. அதைப் பிரித்துக் குளிப்பாட்டி, ராடோவின் உடம்புக்குள் இறக்கினார். டயலின் அடியில் மிஷினோடு பொருந்துவதற்கென்று இரண்டு கால்கள் இருக்கும். அவை இந்த மிஷினுக்குப் பொருந்தாது. கால்களை வெட்டித் தேய்த்துவிட்டு டயலைப் பசையில் ஒட்டினார். முட்களின் துளை பெரிதாக இருந்தது, நசுக்கிச் சிறிதாக்கினார். தண்டு நீளம் போதவில்லை, வேறு தண்டு. கடைக்காரர் வந்து கட்டிப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு ஒரு யோசனை சொன்னார்: அந்த நங்கூரத்தையும் ஆடுகிற மாதிரி செய்துவிட்டால்?

பாய் லென்ஸை நெற்றிக்கு ஏற்றினார். “அது அவங்க முத்திரை. அதுல நான் கை வெக்க மாட்டேன்.”

அந்தக் கோடு எங்கே ஓடுகிறதென்று எனக்கு அப்போது புரியவில்லை. உடம்பு பொய், டயல் பொய், அதற்குள் நல்ல மிஷின் வைக்கலாம். ஆனால் பொய்யை மேலும் அழகாக்கக் கூடாது. அவர் விளக்கவுமில்லை. கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் வலியுறுத்தினார்: “மாப்பிள்ளையைத் தினம் காலையில சாவி கொடுக்கச் சொல்லுங்க.”

“டயல்ல ஆட்டோமேட்டிக்னு போட்டிருக்கே பாய்?”

“டயல்ல என்னதான் போடல?”

கல்யாணம் முடிந்த வாரத்தில் சித்தப்பா கடைக்கே வந்துவிட்டார். நான் முக்காலியில் இருந்தேன். ஒரிஜினல்தானா என்று பார்க்க வேண்டும். பாய் பின்மூடியைத் திறந்து அவர் பக்கமே திருப்பினார். பேலன்ஸ் ஆடிக்கொண்டிருந்தது, நடுவே சிவப்பாகக் கற்கள். ஹெச்.எம்.டி. என்ற எழுத்து லென்ஸ் இல்லாத கண்ணுக்கு எட்டாது. “மிஷின் நல்ல மிஷின்” என்றார் பாய். “பதினேழு கல். நான் இருக்கிற வரைக்கும் நிக்காது. நின்னா என்கிட்ட கொண்டாங்க, காசு கிடையாது.” சித்தப்பா கற்களைப் பார்த்தார், திருப்தியாகப் போனார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன், பொய்தானே என்று. “அவர் கேட்டதுக்கு நான் பதில் சொல்லல தம்பி. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.” இன்று யோசித்தால் அது பொய்தான், மிக நேர்த்தியாக சர்வீஸ் செய்யப்பட்ட பொய். ஆனாலும் அந்தப் பெண்ணின் தகப்பனார் படியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தவன் நான். தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட வேண்டாம்.

ஒட்டுவேலை பாய் ஒருவருடைய வழக்கமல்ல. பம்பாயில் பழைய டயலைச் சுரண்டிப் புது நிறம் பூசி, பேரையும் அச்சடித்துத் தரும் தொழிலே நடந்தது. ஃபாவ்ர் லூபா, சீக்கோ என்று நிஜ மிஷின்மேல் புதுச் சாயம் பூசிய டயல்கள் தபாலில் பாய்க்கும் வரும், கம்பெனிக்காரர்கள் கனவிலும் நினைத்திராத கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்போது இவற்றை ‘மும்பை ஸ்பெஷல்’ என்று முகம் சுளிக்கிறார்கள். சுளிப்பில் நியாயம் இருக்கிறது, பழைய வாட்ச் என்று சொல்லி விற்கிறார்களே. ஆனால் அவற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன மனிதர்கள் சேகரிப்பாளர்கள் அல்ல. டயல் கறுத்துவிட்டது, மிஷின் ஓடுகிறது, வேறு என்ன செய்வார்கள்?

ஓசூரிலிருந்து டைட்டன் வந்ததும் இந்த உலகம் வேகமாகச் சுருங்கியது. விளம்பரத்தில் மொசார்ட்டின் இசை வந்தது, ஊரே அதை டைட்டன் பாட்டு என்றது. செல் போட்டால் ஓடும் வாட்சுக்குக் குளியலும் இல்லை, எண்ணெயும் இல்லை. பாய் செல் மாற்றினார், வார் மாற்றினார். வாட்சைத் திறந்து ஒரே நிமிஷத்தில் மூடும் வேலையை அவர் முகத்தில் எந்த உணர்ச்சியுமின்றிச் செய்ததைக் கல்லூரி விடுமுறையில் பார்த்தேன். ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடுவதென்று 2016இல் அரசு முடிவெடுத்தபோது பாய் இல்லை. அப்பாவும் இல்லை.

இப்போது என் அக்கா மகன் இதையே வேறு விதமாகச் செய்கிறான். உடம்பு ஓரிடம், டயல் ஓரிடம், முட்கள் ஓரிடம் என்று தபாலில் தருவித்து, சீக்கோவின் என்ஹெச்35 மிஷினை வைத்துப் பூட்டுகிறான். இருபத்து நான்கு கல், ஆட்டோமேட்டிக், கையாலும் சாவி கொடுக்கலாம். நன்றாகவே செய்கிறான். ரோலக்ஸ் பேர் போட்ட டயலும் வாங்கக் கிடைக்கிறதாம், “போட்டா என்ன மாமா, நான் விக்கவா போறேன்?” என்றான். பேர் இல்லாத டயலையே போடச் சொன்னேன். ஏன் என்று கேட்டதற்கு நங்கூரம் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் போன் வந்து எழுந்துவிட்டான்.

பாய் மகன் அதே இடத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை போனபோது, “வாப்பாவோட சாமான், உங்களுக்குத்தான் உபயோகம்” என்று ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். திறந்தால் தண்டுகள், திருகுகள், கால் வெட்டிய டயல்கள், எந்த வாட்சிலிருந்து வந்ததென்று தெரியாத சக்கரங்கள். அப்பாவின் ஜனதாவுக்குத் தண்டு உடைந்து ரொம்ப நாளாகக் கிடந்தது. டின்னிலிருந்து ஒன்று கிட்டத்தட்டப் பொருந்துகிறது. கொஞ்சம் நீளம், அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அதிகம் தேய்த்துவிட்டால் வேறு தண்டு கிடையாது.